சேற்றில் வாழும் செல்வம்

நம் நாட்டின் கடலோரச் சதுப்புநிலக் காடுகளின் பரப்பு ஏறத்தாழ 4,992 சதுர கிலோமீட்டர் என 2023ஆம் ஆண்டின் இந்திய வனநிலை அறிக்கை கூறுகிறது. இதில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் மேற்கு வங்காளத்தில் உள்ளது. அங்குள்ள சுந்தரவனம் என்றதும் புலியே பலருக்கும் நினைவுக்கு வரும். எனினும் அக்காட்டைத் தாங்கி நிற்பவற்றுள், ஓதம் வடிந்தபின் சேற்றில் தென்படும் நண்டு, நத்தை, மட்டி, புழு முதலிய முதுகெலும்பற்ற சிற்றுயிர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

அறிவியலார் இவற்றை உருவளவு கொண்டு வகைப்படுத்துகின்றனர். அரை மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் சேற்றை அலசும்போது தங்குபவை ஒரு வகை. நண்டும் நத்தையும் இதில் அடங்கும். அதில் நழுவி, மேலும் நுண்ணிய சல்லடையில் தங்குபவை மற்றொரு வகை. இவற்றுள் பெரும்பாலும் உருளைப்புழுக்களே மிகுதி.

வளைகளின் பயன்

சதுப்புச் சேற்றில் மேற்பரப்பின் சில மில்லிமீட்டருக்குக் கீழே பிராணவாயு அநேகமாக இருப்பதில்லை. அங்கே பாக்டீரியாக்கள் வேர்களுக்கு நஞ்சாகும் சல்பைடை உண்டாக்குகின்றன. நண்டு தோண்டும் வளை வழியே காற்றும் ஓதநீரும் உட்புகுகின்றன. உதிர்ந்த இலைகளை நண்டுகள் வளைக்குள் இழுத்துச் சென்று உண்பதால், அவற்றின் சத்தில் ஒரு பகுதி கடலோடு போகாமல் மண்ணில் தங்குகிறது. ஆஸ்திரேலியாவில் நடத்தப்பெற்று 1991இல் வெளியான ஓர் ஆய்வில், நண்டுகளை அகற்றிய இடங்களில் சல்பைடு மிகுந்தது. மரங்களின் வளர்ச்சி குன்றியது.

கணக்கில் வராத இழப்பு

சுந்தரவனத்தில் ஏழைப் பெண்கள் பலர் இடுப்பளவு நீரில் வலையிழுத்துப் புலி இறால் குஞ்சுகளைப் பிடித்துப் பிழைத்து வந்துள்ளனர். வலையில் சேர்ந்து வரும் பிற மீன், இறால், நண்டுக் குஞ்சுகள் கரையில் எறியப்பட்டு மடிகின்றன. குஞ்சுக்குச் சந்தையில் விலை உண்டு; மடிந்தவற்றுக்கு எந்தப் பேரேட்டிலும் பற்று எழுதப்படுவதில்லை. அந்த இழப்பு பின்னாளில் மீனவர் குடும்பங்களையே சாருகிறது. ஆகவே மாற்று வருவாய்க்கு வழி செய்யாமல் வெறும் தடை விதிப்பது பயன் தராது.

சுமார் 540 சதுர கிலோமீட்டர் பரப்பில் சதுப்புநிலக் காடுகளை வளர்க்க 2023-24ஆம் ஆண்டு ‘மிஷ்டி’ திட்டம் தொடங்கப்பட்டது. இத்தகைய திட்டங்களின் வெற்றியை நட்ட கன்றுகளின் எண்ணிக்கை கொண்டு மட்டும் அளவிடுதல் போதாது. ஓத மட்டம் ஒவ்வாத இடத்தில் நட்ட கன்றுகள் பட்டுப்போகும். மரமற்ற சேற்றுவெளியும் தரிசு அன்று. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் கரைப்பறவைகள் அங்குள்ள புழுக்களையும் மட்டிகளையும் உண்டே உயிர் வாழ்கின்றன.

எனவே, நடுமுன் ஓதநீர் வந்து செல்லும் கால்வாய்களைச் சீர்செய்ய வேண்டும். நடுமுன்னும் பின்னும் சேற்றைச் சலித்து, அதில் வாழும் உயிர்களைக் கணக்கெடுக்க வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. சல்லடையும், பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர் சிலரும் இருந்தால் தொடங்கிவிடலாம். நண்டு வளைகள் மீண்டும் பெருகினால், காடு வேரூன்றி வருகிறது என்று நம்பிக்கை கொள்ளலாம்.