விடியலில் விழிக்கும் வாயு

மரக்காணம் உப்பளத்தில் சூரியன்தான் முதலாளி. பாத்தியில் கட்டிய நீரை வற்றவைத்து உப்பை விளைவிப்பவன் அவன். அவன் சீறுமுன்பே உப்பு வாரி முடிக்கத்தான் தொழிலாளர்கள் இருட்டோடு எழுந்து போகிறார்கள்.

அவனுடைய கொடிய புற ஊதாக் கதிர்களில் பெரும்பகுதியைத் தடுத்து நம்மைக் காப்பது ஓஸோன் வாயு. தலைக்கு மேலே பல மைல் உயரத்தில் அது குடையாகக் கவிந்திருக்கிறது. அந்தக் குடையை அரிக்கும் கறையான் ஒன்று உண்டு. அதன் பெயர் நைட்ரிக் ஆக்ஸைடு.

ஒலியைவிட வேகமாகப் பறக்கும் விமானங்கள் பெருகினால், அவை கக்கும் இந்த வாயு ஓஸோனைக் குறைத்துவிடும் என்று 1971-ல் அமெரிக்க விஞ்ஞானி ஹெரால்டு ஜான்ஸ்டன் எச்சரித்தார். அப்படியானால் மேலே ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது என்று தெரியவேண்டாமா? இருப்பதோ நூறு கோடிக்கு ஒரு சில பங்கு. குப்பியில் பிடித்துக் கீழே கொண்டுவரலாம் என்றால், ஈரக் கையில் எடுத்த உப்புப்போல வழியிலேயே மாறிப்போகும்.

இதற்கு வழி கண்டவர் நம் நாட்டவர். பாராமதியில் 1938-ல் பிறந்து, பூனாவில் எஞ்சினீயரிங் படித்து, அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிச் சாலையில் சேர்ந்த டாக்டர் குமார் படேல். 1964-ல் கரியமிலவாயு லேசரைக் கண்டுபிடித்தவரும் இவரே.

வாயுவைப் பேசவைத்தார் படேல்! ஒவ்வொரு வாயுவும் தனக்கென்று அமைந்த சில நிற ஒளிகளையே விழுங்கும். விழுங்கினால் சூடேறும், சூடேறினால் விம்மும். லேசர் ஒளியை விட்டு விட்டுப் பாய்ச்சினால் வாயு விம்மி விம்மித் தணியும். அதுதானே சத்தம்? குழாய்க்குள் வைத்த மைக் அதைக் கேட்டுச் சொல்லிவிடும். டெலிபோன் தந்த கிரகாம் பெல் 1880-லேயே கண்ட விந்தைதான் இது. ஆனால் அவரிடம் லேசர் ஏது? படேலின் லேசரிலோ, காந்த பலத்தைக் கூட்டிக் குறைத்து, ரேடியோவில் ஸ்டேஷன் திருப்புவதுபோல ஒளியின் நிறத்தையே மாற்றலாம்.

1973 அக்டோபரில், டெக்ஸாஸ் மாகாணத்தில் பாலஸ்டைன் என்ற ஊரிலிருந்து இந்தக் கருவியைச் சுமந்து ஒரு பலூன் 28 கிலோமீட்டர் உயரம் சென்றது. இருட்டில் நைட்ரிக் ஆக்ஸைடின் குரலே இல்லை. சூரியன் உதித்ததும் மெல்லக் கேட்டது; வெயில் ஏற ஏற ஓங்கியது. இரவில் ஓஸோனோடு கூடி வேறு வாயுவாக மறைந்திருந்தது, வெளிச்சம் பட்டதும் பிரிந்து வெளிவந்துவிட்டது.

ஆகவே, ஒரு வேளை மட்டும் அளந்து ஓஸோன் குடைக்குக் கணக்கு எழுதினால் கணக்குத் தப்பும். இரவும் அளக்க வேண்டும், பகலும் அளக்க வேண்டும்.