ஈரச் சாலையில் 86 மைல்

2014 ஆகஸ்ட் 10, ஞாயிற்றுக்கிழமை. பெர்த்தா என்ற அட்லாண்டிக் புயல் வலுவிழந்து, அதன் மிச்சம் தென் இங்கிலாந்தின் மேல் வந்து கொட்டியது. ரைட்லண்டன் சைக்கிள் நிகழ்ச்சியும் அன்றைக்குத்தான். கிழக்கு லண்டன் ஒலிம்பிக் பூங்காவில் கிளம்பி, சர்ரே வட்டாரத்துக் குன்றுகளில் ஏறி இறங்கி, பக்கிங்ஹாம் அரண்மனை அருகே மால் சாலையில் முடிய வேண்டிய 100 மைல். 2012 ஒலிம்பிக் சாலைப் பந்தயப் பாதையை ஒட்டி அமைத்து, 2013-இல் முதன்முதலாக நடத்தினார்கள். கலந்துகொண்டது 20,000 பேருக்கு மேல். எல்லாரும் ஆபீஸ் போகிறவர்கள், கடை வைத்திருப்பவர்கள், நம்மைப் போன்றவர்கள்.

மழையைப் பார்த்த அமைப்பாளர்கள் லீத் ஹில், பாக்ஸ் ஹில் என்ற இரண்டு குன்றுகளையும் பாதையிலிருந்து எடுத்துவிட்டார்கள். 100 மைல் 86 மைல் ஆனது. அதாவது 161 கிலோமீட்டர் 138 ஆகச் சுருங்கியது.

மாசக்கணக்கில் ஏற்றம் ஏறிப் பழகிவிட்டு வந்தவனுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். "மழைதானே, மெதுவா இறங்கிட்டுப் போறோம், அதுக்கு ஏன் குன்றையே எடுக்கணும்?" என்றுதான் எனக்கும் முதலில் தோன்றும். இது நியாயமான கேள்வி. அதற்குக் கணக்கு என்ன பதில் சொல்கிறது என்று பார்ப்பதற்காகத்தான் இந்தக் குறிப்பு.

ஒரு விஷயம். இது அதிகாரபூர்வமாகப் பந்தயமே இல்லை, பரிசும் கிடையாது. ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒரு சிப் கொடுத்து நேரத்தைக் குறித்தார்கள். நேரம் பதிவாகும் என்று தெரிந்தால் போதும், மனுஷன் பந்தயம் ஓட்ட ஆரம்பித்துவிடுவான். அதனால் நான் பந்தயம் என்றே எழுதுகிறேன்.

முதலில் ஒரு தவறான பயத்தை ஒதுக்கிவிடலாம். கார் டயர் தண்ணீர் மேல் மிதந்து பிடிப்பை இழப்பதுபோல் சைக்கிள் டயரும் மிதக்கும், அதனால் டயரில் வரிப்பள்ளம் இருக்க வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். விமான டயர்களுக்காக நாசா கண்டுபிடித்த ஒரு எளிய சூத்திரம் இருக்கிறது: டயர் அழுத்தத்தை பிஎஸ்ஐ-யில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 9-ஆல் பெருக்கினால், மிதக்கத் தொடங்கும் வேகம் நாட் கணக்கில் கிடைக்கும். சைக்கிளுக்கு 80 பிஎஸ்ஐ என்று போட்டால் சுமார் 80 நாட், அதாவது மணிக்கு 149 கிலோமீட்டர். அந்த வேகத்தில் எந்த மலையிலும் நாம் இறங்கப்போவதில்லை. மேலும் சைக்கிள் டயர் தரையைத் தொடும் இடம் படகு மாதிரி ஒடுங்கி இருப்பதால் தண்ணீரைப் பிளந்துகொண்டு போகும். வழவழப்பான டயரே போதும். ரப்பர் எந்தக் கலவை என்பதுதான் முக்கியம்.

அப்படியென்றால் மழை என்னதான் செய்கிறது? உராய்வைக் குறைக்கிறது. நல்ல தார் ரோட்டில் உலர்ந்த நிலையில் உராய்வுக் கெழு 0.8 அளவில் இருக்கும்; நனைந்தால் 0.4 முதல் 0.6 வரை. கணக்குக்காக 0.5 என்று வைத்துக்கொள்கிறேன். வளைவில் போகக்கூடிய அதிகபட்ச வேகம் உராய்வின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 20 மீட்டர் ஆரம் உள்ள ஒரு வளைவில், உலர்ந்த ரோடு என்றால் மணிக்கு 45 கிலோமீட்டர், ஈர ரோடு என்றால் 36 கிலோமீட்டர். பிடிப்பு கிட்டத்தட்ட 40 சதவீதம் போனாலும் வேகம் 20 சதவீதம்தான் போகிறது. வர்க்கமூலம் நமக்குச் செய்யும் சின்ன உபகாரம்.

சைக்கிளை எவ்வளவு சாய்க்கலாம் என்பதும் இதே எண்ணிலிருந்து வருகிறது. 0.8-க்கு 39 டிகிரி, 0.5-க்கு 27 டிகிரி. நனைந்த வெள்ளைக் கோடு, மேன்ஹோல் மூடி மாதிரி இடங்களுக்கு 0.25 என்று வைத்தால் 14 டிகிரிதான். வளைவு முழுக்க 25 டிகிரி சாய்ந்து ஒழுங்காகப் போனவன், நடுவில் ஒரு ஜீப்ரா கிராஸிங் கோட்டின் மேல் டயர் பட்டதும் காலி. லண்டன் ரோட்டில் வெள்ளை பெயின்டுக்குப் பஞ்சமே இல்லை. அதோடு, வறண்ட நாட்களுக்குப் பிறகு வரும் முதல் மழையில் ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் சேர்ந்து மெழுகு போட்டதுபோல் ஆகிவிடும். கோடை முடிந்து முதல் தூறலில் பைக் ஓட்டிய யாருக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, வளைவில் மெதுவாகப் போனால் எவ்வளவு நேரம் போகும்? மேலே சொன்ன வளைவு 90 டிகிரி திரும்புகிறது என்றால் அதன் நீளம் 31 மீட்டர். கடக்க ஆகும் நேரத்தில் வித்தியாசம் ஒரு நொடிக்கும் குறைவு. முன்னால் பிரேக் பிடிப்பது, பின்னால் மறுபடி மிதித்து வேகம் எடுப்பது எல்லாம் சேர்த்துத் தாராளமாக 3 நொடி. வழியில் இப்படி 30 வளைவு என்றாலும் மொத்தம் 90 நொடி. ஐந்து மணி நேரம் ஓட்டும் ஆளுக்கு இது அரை சதவீதம். ஒன்றுமே இல்லை. வளைவில் வீரம் காட்டுவது நஷ்டக் கணக்கு என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது.

ஆனால் மழையில் நேரமும் ஆபத்தும் உண்மையில் ஒளிந்திருக்கும் இடம் வளைவு இல்லை. முன்னால் போகிறவனின் பின்சக்கரத்துக்கும் என் முன்சக்கரத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான்.

கூட்டத்தில் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிப் போவது காற்றுத் தடையைக் குறைக்கத்தான். மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் தனியாகப் போக 200 வாட் தேவைப்படுகிறவனுக்கு, பின்னால் ஒட்டிப் போனால் சுமார் 140 வாட் போதும். அதே 140 வாட்டோடு கூட்டத்தை விட்டுத் தனியாக வந்தால்? தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிக்குத் தக்கபடி கூடுவதால், கனமூலம் எடுத்தால் 31 கிலோமீட்டர் வருகிறது. 138 கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய அரை மணி நேரம் தாமதம்! வளைவில் போவது 90 நொடி, கூட்டத்தை விட்டால் போவது 30 நிமிஷம். அதனால்தான் வளைவில் ஜாக்கிரதையாக இருக்கும் ஆட்கள்கூட, கொட்டுகிற மழையிலும் முன்னால் போகிறவனின் சக்கரத்தை விட மாட்டார்கள். இதைப் பேராசை என்று சொல்ல மாட்டேன். எண்கள் அந்தப் பக்கம்தான் இழுக்கின்றன.

இப்போது பிரேக்குக்கு வருவோம். உலர்ந்த ரோட்டில் முன் பிரேக்கை அமுக்கினால் டயர் வழுக்குவதற்கு முன்னாலேயே பின்சக்கரம் எழும்பும். குப்புற விழுவதுதான் அங்கே எல்லை. ஒருவர் உட்கார்ந்து ஓட்டும் சைக்கிளுக்கு அந்த எல்லை புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதிக்குச் சற்று மேல். பின்சக்கரம் லேசாகும்போது நமக்கே தெரியும், விட்டுவிடலாம். ஈர ரோட்டில் அந்த எல்லையைத் தொடுவதற்கு முன்பே முன்டயர் வழுக்கிவிடும். அதற்கு முன்னறிவிப்பு கிடையாது. தோள் தரையில் பட்ட பிறகுதான் விஷயம் மூளைக்குப் போகும். ஆக, மழை பிரேக்கின் பலத்தைக் குறைப்பதோடு நிற்பதில்லை. தோற்கும் விதத்தையே மாற்றிவிடுகிறது.

2014-இல் இப்படிப்பட்ட கூட்டத்தில் பெரும்பாலான ரோடு சைக்கிள்களில் ரிம் பிரேக்தான். தொழில்முறைப் பந்தயங்களிலேயே டிஸ்க் பிரேக்கை முழுமையாக அனுமதித்தது 2018-இல்தான். ரிம் பிரேக்கில் ஒரு தொல்லை: நனைந்த ரிம்மில் இருக்கும் தண்ணீரை பிரேக் கட்டை முதலில் வழித்தெடுக்க வேண்டும், அதன் பிறகுதான் பிடிக்கும். மணிக்கு 40 கிலோமீட்டரில் சக்கரம் நொடிக்கு ஐந்து சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. ஒரு நொடி வழிப்பதற்குப் போனால் 11 மீட்டர் தூரம் எதுவுமே நடக்காமல் ஓடிவிடும். கார்பன் ரிம் என்றால் இன்னும் மோசம். அழகான சாமான், மழைக்கு ஆகாது.

இதைக் கூட்டத்தில் வைத்துப் பாருங்கள். முன்னால் போகிறவன் ஒரு குழியைப் பார்த்து லேசாக பிரேக் தட்டுகிறான். வேகம் நொடிக்கு 2 மீட்டர் குறைகிறது என்று வைப்போம். பின்னால் வருகிறவனும் அதே அளவு குறைக்கிறான், ஆனால் தாமதமாக. நடுவில் சுருங்கும் இடைவெளி எவ்வளவு? குறைந்த வேகத்தைத் தாமதத்தால் பெருக்கினால் போதும். உலர்ந்த ரோட்டில் தாமதம் அரை நொடி: 1 மீட்டர். ஈரத்தில் வழிக்கும் நேரம் சேர்ந்து ஒன்றரை நொடி: 3 மீட்டர். கூட்டத்தில் ஒட்டிப் போகிறவர்கள் விடும் இடைவெளியே ஒரு மீட்டர் அளவுதான். அந்தப் பழக்கம் உலர்ந்த ரோட்டில் உருவான பழக்கம். மழை வந்ததும் மூன்று மடங்கு போதாமல் ஆகிவிடுகிறது. இவன் பயந்து கூடுதலாகப் பிடித்தால், அடுத்தவன் அதைவிடக் கூடுதலாகப் பிடிக்க வேண்டும். டிராஃபிக்கில் காரணமே இல்லாமல் பின்னால் பரவும் நெரிசல் அலை இதேதான்.

போதாததற்கு, பந்தய சைக்கிளில் மட்கார்டு கிடையாது. முன்சக்கரத்துக்காரன் வாரி இறைக்கும் சேற்றுத் தண்ணீர் நேராக நம் முகத்துக்கு வரும். எப்போது பிரேக் பிடிக்க வேண்டும் என்று சொல்வது கண். அந்தக் கண்ணிலேயே மண்.

இதற்கு ஒரு பாதி மருந்து உண்டு. இரண்டு மூன்று மீட்டர் பின்தங்கினாலும் காற்று மறைவின் பலனில் கணிசமான பகுதி கிடைத்துக்கொண்டுதான் இருக்கும். கொஞ்சம் பக்கவாட்டில் விலகி நின்றால் சேறும் முகத்தில் அடிக்காது, தப்பிக்க வழியும் இருக்கும். அந்த அரை மணி நேரத்தில் பெரும் பகுதியை இப்படி மீட்டுக்கொள்ளலாம். சமவெளியில் இது சரிப்படும்.

இறக்கத்தில் சரிப்படாது. 8 சதவீதச் சரிவில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் தானாகவே வந்துவிடும். அங்கே புவியீர்ப்பு பிரேக்குக்கு எதிராக இழுக்கிறது: ஈரத்தில் கிடைக்கும் நொடிக்கு 3 மீட்டர் என்ற வேகக் குறைப்பில் 0.8 போய்விடும். மீதியை வைத்து நிறுத்தினால் 63 மீட்டர். தாமதம் ஒன்றரை நொடிக்கு 25 மீட்டர் கூட்டினால் 88. இதே இறக்கத்தில் உலர்ந்த ரோடாக இருந்தால் 40 மீட்டர் சுமாருக்கு நின்றுவிடலாம். சர்ரே குன்றுகளின் சாலைகள் குறுகலானவை, மரங்கள் மூடியவை, அடிக்கடி வளைபவை. 88 மீட்டர் முன்னால் என்ன இருக்கிறது என்பது பல இடங்களில் தெரியவே தெரியாது. விழுந்து கிடப்பவன் அங்கேதான் இருப்பான்.

"மெதுவா இறங்குறோம்" என்ற வாதத்துக்கு வருகிறேன். ஒரு ஆளுக்கு அது சரியான வாதம். எங்கள் துறையில் சராசரிப் பயனரைப் பார்த்து யாரும் சர்வரை வடிவமைப்பதில்லை. மோசமான அந்த ஒரு சதவீதத்துக்குத்தான் தூக்கம் கெடும். 20,000 பேரில் 99 சதவீதம் பேர் பொறுமையாக இறங்கினாலும் மீதி 200 பேர். அவர்களில் ஒருவன் குறுகிய சாலையில் சறுக்கினால் பின்னால் மெதுவாக வருகிறவர்களும் மாட்டுவார்கள். ஆம்புலன்ஸ் போகவும் அதே ஒற்றைச் சாலைதான். அமைப்பாளர்களிடம் தனித்தனி ஆளின் பிரேக்கைத் திருத்த எந்த வசதியும் கிடையாது. அவர்கள் கையில் இருந்தது பாதை ஒன்றுதான். ஏற்றத்தில் மழையால் யாருக்கும் ஆபத்தில்லை. இறக்கத்துக்காகத்தான் குன்றை எடுத்தார்கள். என் பார்வையில் சரியான முடிவு.

குளிரைப் பற்றியும் சொல்ல வேண்டும், சர்ரேயைவிட உயரமான மலைகளில் அதுதான் பெரிய எதிரி. நனைந்த உடையிலிருந்து மணிக்கு அரை லிட்டர் தண்ணீர் ஆவியானால் உடம்பிலிருந்து 330 வாட்டுக்கு மேல் வெப்பம் போகிறது. ஏறும்போது தசைகள் 600 வாட் வெப்பத்தைச் சுலபமாக உற்பத்தி செய்யும், தெரியாது. இறங்கும்போது மிதிப்பதே இல்லை, உற்பத்தி 100 வாட் அளவுக்கு இறங்கிவிடும், காற்றோ இரண்டு மடங்கு. முதலில் மரத்துப்போவது விரல்கள், அதாவது பிரேக் பிடிக்கும் உறுப்பு. 1988 ஜிரோ பந்தயத்தில் காவியா கணவாயைப் பனியில் கடந்த நாளில் ஆண்டி ஹாம்ப்ஸ்டன் தலைமையைக் கைப்பற்றியதைப் பற்றி வீரக்கதையாக எழுதுவார்கள். ஏற்றத்தைவிட அன்றைக்கு இறக்கம்தான் கொடுமை.

"தொழில்முறை ஆட்கள் என்றால் இறங்கியிருப்பார்கள்" என்பவர்களுக்கு ஒரு தகவல். 2019 செப்டம்பர் 29 அன்று யார்க்‌ஷரில் நடந்த உலக சாம்பியன்ஷிப் ஆண்கள் சாலைப் பந்தயத்தில், மழை காரணமாக பட்டர்டப்ஸ், கிரின்டன் மூர் என்ற இரண்டு ஏற்றங்களையும் நீக்கித்தான் ஓட்டினார்கள். மேட்ஸ் பெடர்சன் ஜெயித்தார். கிளம்பிய ஏறத்தாழ 200 பேரில் முடித்தவர்கள் 46 பேர்.

மழையில் ஓட்டப்போகிறவர்களுக்கு: டயரில் வழக்கத்தைவிட ஐந்து பத்து பிஎஸ்ஐ குறையுங்கள். ரிம் பிரேக் என்றால் வளைவுக்கு வெகு முன்னாலேயே லேசாகத் தொட்டுத் தண்ணீரை வழித்து வைத்துவிடுங்கள். அடி தெரியாத குட்டையில் இறங்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் ரிம்மையும் பிரேக் கட்டையையும் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்; கட்டையில் பதிந்த மணல் ரிம்மைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். கட்டை மலிவு, ரிம் மலிவில்லை.