சுழலாத பாண்டம்

வெள்ளகோவிலுக்கு அதிக தூரமில்லாத கொடுமணலில் அகழ்ந்தெடுத்த பானையோடுகளில் ஆட்பெயர்கள் பல கீறப்பட்டிருக்கின்றன. ஆயினும், மட்கலம் வனைந்தவரின் பெயரைக் கேட்பார் என்றும் அரியர்.

மணிப்பூரில் தொங்ஜாவோ கிராமத்து நீலமணி தேவி இதற்கு விலக்கு. அவ்வூரில் மண்வினை ஸ்திரீகளின் கலை. அதற்குச் சக்கரம் கிடையாது. களிமண்ணை உருளையாக்கிப் பீடத்தில் நிறுத்தி, அதைச் சுற்றிச் சுற்றி நடந்து, பலகையால் தட்டியே உருவாக்குகிறார்கள். பாண்டம் சுழல்வதில்லை, வனைபவளே சுழல்கிறாள்! ஈரம் உலருமுன் சித்திரக் கோலங்களும் பதிக்கிறாள்.

2007-ஆம் ஆண்டில் பாரத அரசாங்கம் நீலமணி தேவிக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. சித்திர வேலைப்பாடுள்ள மண் ஜாடியொன்றை நம் கூடத்தில் வைக்கும்போது, அதை வனைந்தவளின் பெயரையும் கேட்டறிவோமாக. விலை பொருளுக்கு, மரியாதை கைக்கு.