கூகைக்குப் பெட்டி, மின்மினிக்குக் கரை

மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் கோல சிலாங்கூர் வட்டாரத்தில்தான் உருவானது. பெயர் ‘தென்னமரம்’ தோட்டம். இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பக்கத்தில். நம் பாட்டன் பூட்டன் வேர்வை சிந்திய செம்பனைத் தோட்டங்கள் ஓர் உயிரை வாழவைத்தன, இன்னோர் உயிரை ஒடுக்கின.

வாழ்ந்தது கூகை என்னும் ஆந்தை. தீபகற்பத்தில் முன்பு அரிதாகத் தென்பட்ட பறவை. செம்பனைக் குலையைக் கொறிக்க எலிகள் பெருகின. எலிகளைத் தேடிக் கூகை வந்தது. பெட்டி வைத்தால் அதிலேயே முட்டையிடும் என்று கண்டதும், தோட்டங்களில் கம்பம் நட்டுக் கூட்டுப் பெட்டிகள் ஏற்றினார்கள். பெட்டிக்குக் கீழே சாம்பல் நிறத்தில் உருண்டைகள் கிடக்கும். ஒன்றைக் குச்சியால் பிரித்துப் பாருங்கள்: எலி மயிர், மண்டையோடு, மஞ்சள் படிந்த முன்பற்கள். விழுங்கிய எலியில் செரிக்காததைக் கூகை கக்கிவிடுகிறது. ஆந்தை அலறினால் சாவு என்று பயந்த லயத்து வீடுகளுக்கு அது செய்த உதவி பெரிது. உயிரினங்களின் அழிவு ஆபத்தை மதிப்பிடும் உலகச் சிவப்புப் பட்டியலில் அதற்கு ஆபத்தில்லை. ஆனால் எலி விஷம் தின்ற எலியைப் பிடித்தால் கூகையும் சாகும்.

ஒடுங்கியது மின்மினி. மலாயில் கெலிப்-கெலிப், அறிவியலில் ‘டெரோப்டிக்ஸ் டெனர்’. அது வண்டு இனம். சிலாங்கூர் ஆற்றங்கரையின் பெரெம்பாங் மரங்களில் ஆண் மின்மினிகள் நொடிக்கு ஏறக்குறைய மூன்று முறை ஒன்றாக மின்னிப் பெண்களை அழைக்கும். வளர்ந்த பூச்சியின் ஆயுள் சில வாரங்களே. அதற்கு முந்தைய காலத்தில் பெரும்பகுதி புழுவாகக் கரையோர ஈரமண்ணில் நத்தை தின்று கழியும். செம்பனைக்காகக் கரையை வழித்தால் மண் காயும், நத்தை போகும், மரத்தில் வெளிச்சமும் போகும். சிவப்புப் பட்டியலில் அது ‘அழிவாய்ப்புள்ள’ இனம். மரங்களை மட்டும் காத்தால் போதாது; பின்னாலுள்ள ஈர நிலமும் வேண்டும்.

அந்த ஆற்றின் கரையிலுள்ள கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கச் சம்பானில் ஏறுகிறவர்கள் கைப்பேசி விளக்கை அணைத்துவிடுங்கள். அந்த ஒளியில் மின்மினிகளின் அழைப்பு மறைந்துபோகும். ஆற்றோரம் நிலம் வைத்திருப்பவர்கள் கரையைத் தொடாமல் விட்டுவையுங்கள்.