கரிசல் தொழுவத்தில் நுண்ணுயிர்த் தின்னி

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட கரிசல் மண்ணில் வேளாண்மை வானத்தை நம்பியது. மழை பொய்த்த ஆண்டில் வீட்டைத் தாங்குவன ஆடும் மாடுமே. ஐப்பசி, கார்த்திகையில் குண்டாற்றில் நீர் வருவதும் கண்மாய் நிறைவதும் மகிழ்ச்சிதான். ஆயினும் அதே மழை தொழுவத்தைச் சேறாக்கிக் கன்றுக்குக் கழிச்சலையும் கறவைக்கு மடிநோயையும் கொண்டுவருகிறது. இவ்விரண்டுக்கும் நெடுங்காலமாக நாம் நம்பிவந்தது நுண்ணுயிர்க்கொல்லி மருந்து. அதன் வலிமை இன்று தேய்ந்துவருகிறது. மனிதருக்குக் கடைசிப் புகலாக எஞ்சிய மருந்துகளுள் ஒன்றான கொலிஸ்டினை, உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குத் தரலாகாதென 2019 சூலையில் இந்திய அரசு தடை விதித்தது. அதுவரை அது கோழித் தீவனத்தில் கலக்கப்பட்டு வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கொல்லி மருந்து தோற்கும் இடத்தில் அறிஞர் மீண்டும் எண்ணிப்பார்ப்பது, பாக்டீரியாவையே இரையாகக் கொள்ளும் நச்சுயிரிகளை. நுண்ணுயிர்த் தின்னிகள் எனப்படும் இவை சாணம், சாக்கடை, ஊருணி நீர் எனப் பாக்டீரியா செழிக்கும் இடமெல்லாம் உண்டு. குடலில் வாழும் எசரிக்கியா கோலையைத் தாக்கும் ‘டி4’ என்னும் தின்னியின் நீளம் ஏறத்தாழ 200 நானோமீட்டர்; ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் 5,000 தின்னிகளை வரிசையாகக் கிடத்தலாம். தலைக்குள் மரபுப்பொருள், அதன்கீழ் சுருங்கும் வால், வாலடியில் நீண்ட இழைகள்: இவ்வளவே அதன் உடல். பாக்டீரியாவின் மேற்பரப்பில் தமக்குரிய இடத்தை இழைகள் பற்றினாலன்றி எதுவும் தொடங்காது. பற்றியதும் வால் சுருங்கி மரபுப்பொருளை உள்ளே செலுத்துகிறது. அரைமணி அளவில் பாக்டீரியாவின் சுவர் உடைந்து, நூறும் அதற்கு மேலுமாகப் புதிய தின்னிகள் வெளிவருகின்றன. ஆடு மாடுகளின் உயிரணுக்களை அவ்விழைகள் பற்றுவதில்லை. ஊசியில் ஏறிய கொல்லி மருந்து உடலில் குறைந்துகொண்டே போகும். தின்னியோ இரை உள்ளவரை பெருகும்.

1896-இல் ஆக்ராவில் பணியாற்றிய எர்னஸ்ட் ஹேங்கின், கங்கை, யமுனை நீரில் வாந்திபேதிக் கிருமி மடிவதையும், நீரைக் கொதிக்கவைத்தால் அவ்வாற்றல் அழிவதையும் எழுதினார். அது தின்னியின் வேலையாகலாமெனப் பிற்காலத்தார் கருதினர். 1917-இல் தின்னிகளைக் கண்டு பெயரிட்ட ஃபெலிக்ஸ் டெரெல், 1919-இல் அவற்றை முதலில் கொடுத்தது மனிதருக்கல்ல, பிரான்சில் டைபாய்டு நோய் கண்ட கோழிகளுக்கு. அடுத்து இந்தோசீனத்தில் எருமைகளின் தொண்டை அடைப்பானுக்கு எதிராக அவற்றைப் பயன்படுத்தினார். பின்னர் கொல்லி மருந்துகள் வந்தன. ஜார்ஜியா நாட்டின் திபிலிசி போன்ற சில இடங்கள் தவிர உலகம் தின்னியை மறந்தது.

மறந்ததை மீட்டவை 1980-களில் இங்கிலாந்தில் வில்லியம்ஸ் சுமித்தும் ஹக்கின்சும் கன்று, பன்றிக்குட்டி, செம்மறிக்குட்டிகளில் நடத்திய ஆய்வுகள். கழிச்சல் உண்டாக்கும் எசரிக்கியா கோலை தொற்றிய கன்றுகளைத் தின்னி காத்தது. ஆனால் வாய்வழி கொடுத்த தின்னியை நான்காம் இரைப்பையின் அமிலம் அழித்தது. சற்று முன்னதாகக் கால்சியம் கார்பனேட்டை, அதாவது வெறும் சுண்ணக்கட்டித் தூளை, தீவனத்தில் கலந்து கொடுத்ததும் அத்தடை நீங்கிற்று. 1987-இல் வெளிவந்த முடிவு இதனினும் வியப்பானது. கன்றுகளின் படுக்கை மீது தின்னி கலந்த நீரைத் தெளித்ததே கழிச்சலைத் தடுத்தது. தின்னி பெற்ற கன்றுகள் இருந்துபோன அறையைக் கழுவாமலே புதுக்கன்றுகளை அடைத்தபோது அவையும் தப்பின! நோயாளிக் கன்றின் சாணத்தோடு அதன் மருந்தும் தரையில் பெருகிக் கிடந்தது. தொழுவத்தைக் கழுவாதிருக்க இதைச் சாக்காகக் கொள்ள வேண்டா. மேலும், கூரையுள்ள கன்றுக் கொட்டிலுக்குப் பொருந்துவது திறந்த வெளியில் போடும் ஆட்டுக்கிடைக்குப் பொருந்தாது. நம் வெயிலின் புறஊதாக் கதிர் தின்னிகளைச் சிதைத்துவிடும்.

மடிநோயில் கதை வேறு. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் தொற்றிய கறவைகளின் மடியில் தின்னியைச் செலுத்திய கனடா நாட்டு ஆய்வு 2006-இல் வெளிவந்தது. மருத்துவம் பெற்ற 18 மடிப்பகுதிகளுள் குணமானவை 3 மட்டுமே. உப்புநீர் செலுத்திய 20-இல் ஒன்றுமில்லை. பாலின் ஊநீர்ப் புரதங்கள் பாக்டீரியாவின் மேல் படிந்து, தின்னியைப் பற்றவிடாமல் மறைக்கின்றன. கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்து மடியில் பூசும் பெண்ணிடம் போய், இதைவிடச் சிறந்த மருந்து வந்துவிட்டது என்று இன்று சொல்ல எனக்கு நா எழாது.

அதே 2006-இல் மங்களூர் மீன்வளக் கல்லூரியினர் இறால் குஞ்சுப் பொரிப்பகத்தில் கண்டதையும் அருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஒளிரும் விப்ரியோ பாக்டீரியா தாக்கிய தொட்டிகளில் தின்னி இட்டவற்றில் 86 விழுக்காட்டு இளம் இறால்கள் பிழைத்தன. கொல்லி மருந்து இட்டவற்றில் 40. ஒன்றும் இடாதவற்றில் 17. தொட்டி நீரில் தின்னிக்கும் இரைக்கும் நடுவே மறைப்பு ஏதுமில்லை. ஆகவே, தின்னி மருத்துவம் நல்லதா கெட்டதா எனப் பொதுவாகக் கேட்பதில் பொருளில்லை. கிருமி உடலின் எந்த இடத்தில் ஒளிந்திருக்கிறது என்றே கேட்க வேண்டும். என் கணிப்பில், இவ்வட்டாரத்தில் அது முதலில் பயன்படக்கூடிய இடம் கன்றின் குடல்.

தின்னி உதவாத இடமும் உண்டு. மழைக்குப்பின் இளம்புல் மேய்ந்த ஆடுகளைத் திடீரெனச் சாய்க்கும் துள்ளுமாரி நோயில், கொல்வது குளாஸ்ட்ரிடியம் என்னும் பாக்டீரியா கக்கிய நஞ்சு. ஆடு துள்ளி விழும் நேரத்தில் பாக்டீரியாவைக் கொன்றும் பயனில்லை. நஞ்சு குருதியில் கலந்துவிட்டது. வேம்பூர்ச் செம்மறியானாலும் வெள்ளாடானாலும், மழைக்கு முன் போடும் தடுப்பூசியே அதற்குக் காப்பு.

தின்னிகளுள்ளும் இரு வகை உண்டு. சில, பாக்டீரியாவை உடைக்காமல் அதன் மரபுப்பொருளோடு தம்மைப் பிணைத்துக்கொண்டோ உள்ளே தங்கியோ வாழும். சில வேளை அதற்கு நஞ்சூட்டும் மரபணுவையும் வழங்கும். வறண்ட மேய்ச்சல் நிலங்களில் பாசுபரசுக் குறையால் மாடுகள் பழைய எலும்பைக் கடிப்பதும், அதிலுள்ள பாட்டுலின நஞ்சால் கால் சோர்ந்து மடிவதும் பல நாடுகளில் பதிவானவை. அந்நஞ்சின் ‘சி’, ‘டி’ வகைகளுக்கான மரபணுவைச் சுமப்பது ஒரு தின்னியே. எனவே மருந்தாகத் தேரும் தின்னியின் மரபுவரிசை முழுவதையும் முன்னரே படித்தாக வேண்டும். அதற்கும் முன், ஊசி போடுமுன்னரே கன்றின் சாணம் தூய புட்டியில் எடுக்கப்பட்டுப் பனிக்கட்டிப் பெட்டியில் ஆய்வகம் சேர வேண்டும். கொல்லி மருந்து கலந்த மாதிரியில் கிருமி வளராமற் போகலாம். கிருமி வளராவிடில் எந்தத் தின்னி அதைத் தின்னும் என்று பார்க்கவும் வழியில்லை.