வெயிலின் வம்சாவளி – 6: உத்தியோகமில்லாத புரதம்

தோலில் பிறந்த வைட்டமின் டி கல்லீரலை அடைந்து உருமாறும் கட்டத்தில் சென்ற வாரம் நிறுத்தினோம். இவ்வாரம் அந்த வைட்டமினோடு உறவுடைய ஒரு புரதத்தின் பூர்வ சரித்திரம் என்னை விடுவதாக இல்லை.

1959-ஆம் ஆண்டில் சுவீடனைச் சேர்ந்த யான் ஹிர்ஷ்ஃபெல்ட் என்னும் ஆராய்ச்சியாளர், மனித சீரத்தின் புரதங்களை மின்னோட்டத்தால் பிரித்து, எதிர்ச்சீரத்தின் உதவியால் அவற்றை வளைகோடுகளாகத் தோன்றச் செய்து நோக்குகையில், ஒரு கோடு மட்டும் ஆளுக்கு ஆள் இடம் மாறி விழக் கண்டார். அந்தப் புரதம் ஜிசி என்று அழைக்கப்பட்டது. அந்த வேற்றுமை பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு ஒழுங்காக இறங்குகிறது என்பதும் விரைவிலேயே ஸ்தாபிதமாயிற்று. ஆனால் தேகத்தில் அதற்கு என்ன உத்தியோகம் என்பது மட்டும் ஒருவருக்கும் விளங்கவில்லை.

அதற்காக அதைச் சும்மா விட்டார்களா? இன்ன குழந்தைக்கு இன்னார் தந்தையாக இருக்க முடியாது என்று விலக்கவும், துணியில் படிந்த ரத்தக்கறை யாருடையதாக இருக்க இயலாது என்று நிர்ணயிக்கவும், எந்த ஜனங்களிடம் எந்த வகை மிகுதி என்று மானிடவியலார் அட்டவணை போடவும் அது பயன்பட்டது. சொந்த வேலை இன்னதென்று தெரியாமலே, அந்தப் புரதம் பிறர் வழக்குகளில் சாட்சி சொல்லிக்கொண்டிருந்த விநோதத்தை நினைத்து நினைத்து மகிழ்கிறேன்.

1975-இல் டெய்கர், ஷான்ஃபீல்ட், காவல்லி-ஸ்ஃபோர்ட்சா ஆகிய மூவர், கதிரியக்கக் குறியிட்ட வைட்டமின் டியைச் சீரத்தோடு கலந்து, மின்னோட்டத்தில் பிரித்துப் படத்தாளில் பதியவைத்தபோது, கறுத்த கோடுகள் ஜிசியின் கோடுகளோடு அச்சாகப் பொருந்தின. ரத்தத்தில் வைட்டமின் டியைச் சுமந்து திரிவது அந்தப் பழைய ஜிசியே!

நான்காம் குரோமோசோமில் உள்ள அதன் ஜீனில், ஜிசி2 என்னும் வடிவத்தைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்களுக்கு, ஜிசி1 உடையோரைக் காட்டிலும், சராசரியாகப் புரதமும் குறைவு, வைட்டமின் அளவும் குறைவு. வைட்டமின் டி அளவைப் பாதிக்கும் ஜீன்களைத் தேடி, ஐரோப்பிய வம்சத்தினர் ஏறத்தாழ 34,000 பேரை ஆராய்ந்து 2010-இல் வெளியான பெரும் ஆய்விலும் இந்த ஜீனே முதன்மையாக நின்றது. ஆனால் பரிசோதனைச் சாலை தரும் எண், பெரும்பாலும் புரதத்தின் மேல் ஏறியிருக்கும் வைட்டமினின் கணக்கே. வண்டியில் இருப்பவர்களை எண்ணிவிட்டு ஊரின் ஜனத்தொகையைச் சொல்வது எனக்குச் சம்மதமில்லை.

2019-இல் பிரசுரமான ஒரு நோயாளியின் விவரம் இதற்கு நல்ல திருஷ்டாந்தம். 58 வயதுப் பெண்மணி. முதுகெலும்பைப் பீடித்த கடும் வாதநோய். மருந்தாக எவ்வளவு கொடுத்தும் ஏறாத வைட்டமின் டி. நெருங்கிய உறவினரான பெற்றோருக்குப் பிறந்த அவரிடம் ஜிசி ஜீனின் இரு பிரதிகளுமே இல்லை என்றும், ரத்தத்தில் அப்புரதமே கிடையாது என்றும் பின்னர் தெரிந்தது. அப்படியிருந்தும் அவருடைய கால்சியம் இயல்பான அளவிலேயே இருந்தது. எலும்பின் வளர்சிதை மாற்றத்திலும் சிறு கோளாறே தென்பட்டது. புரதத்தில் ஒட்டாமல் மிதக்கும் சொற்ப வைட்டமினே உயிரணுக்களுக்குப் பிரதானம் என்று வாதிப்போருக்கு, அந்த அம்மையாரைவிட வலுவான சாட்சி வேண்டுமோ?