வீட்டு விலங்குகள் - 11: பூனைக்குப் பேதி கண்டால்

கல்வராயன் மலைக் கிராமங்களில் பூனை வெறும் செல்லப்பிராணி இல்லை, தானியத்துக்குக் காவல். சாமையும் மக்காச்சோளமும் மூட்டை மூட்டையாக அடுக்கிய வீட்டில் எலிகளை அடக்குவது அதுதான். அந்தப் பூனை ஒரு நாள் மூலையில் ஒடுங்கிக்கொண்டு, வாந்தியெடுத்து, தண்ணீராகக் கழிந்தால், ‘புல்லைத் தின்னும், தானே சரியாயிடும்’ என்று விட்டுவிடுகிறோம். பல நேரம் சரியாகியும் விடுகிறது. சரியாகாதபோது கிடைக்கும் அவகாசம் மிகக் குறைவு. வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கும் நேரமும் அதற்குள்தான் அடங்க வேண்டும்.

பேதியில் பூனையின் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் நீரிழப்பு. பிடரித் தோலை மெல்ல இழுத்து விடுங்கள். உடனே பழையபடி படியாமல் மடிப்பாகவே நின்றால், ஈறு பிசுபிசுப்பாக வறண்டிருந்தால், உடம்பில் நீர் வற்றிவிட்டது. அப்போது வாயில் ஊற்றும் தண்ணீர் போதாது. தோலுக்கடியிலோ ரத்தநாளத்திலோ திரவம் ஏற்ற வேண்டும்.

‘லங்கணம் பரம ஔஷதம்’ என்பது பூனைக்குப் பொருந்தாது. இரண்டு மூன்று நாள் எதுவும் தின்னாமல் கிடந்தால் உடம்புக் கொழுப்பு ஈரலில் போய்ச் சேர்ந்து, ஈரலே பழுதாகிவிடும். பருத்த பூனைக்கு இந்த ஆபத்து அதிகம். வாந்தி நின்றதும் உப்பு, வெங்காயம், பூண்டு, மசாலா எதுவும் சேர்க்காமல் வேகவைத்த கோழிக்கறியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். பால் வேண்டாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, பேதி கூடத்தான் செய்யும்.

அடிக்கடி வாந்தி, சாப்பாட்டில் வெறுப்பு, வயிற்றைத் தொட்டாலே வலி என்றிருந்தால் பூனையின் நாக்கின் அடியில் பாருங்கள். பூக்கட்டும் நூலும் தையல் நூலும் இல்லாத வீடு நம் பக்கம் இல்லை. பூனையின் நாக்கில் முட்கள் தொண்டையை நோக்கிச் சாய்ந்திருப்பதால், வாயில் சிக்கிய நூலைத் துப்ப முடியாமல் விழுங்கிக்கொண்டே போகும். ஒரு முனை நாக்கடியில் மாட்டிக்கொள்ள, மறுமுனை குடலுக்குள் இறங்கும். குடல் அந்த நூலின் மேல் சுருங்கி மடிந்து, ஒரு கட்டத்தில் அறுபட்டும் போகும். நூலின் நுனி வெளியே தெரிந்தாலும் இழுக்காதீர்கள், குடல் கிழியும். வெட்டவும் வேண்டாம். அப்படியே தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

வீட்டு மருந்துப் பெட்டியைத் திறக்கவே கூடாது. காய்ச்சலாக இருக்கிறதே என்று கொடுக்கும் ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. பேதியை நிறுத்த நாம் போடும் மாத்திரையையும் மருத்துவர் சொல்லாமல் தரக்கூடாது.

குட்டிகளுக்கு வருவது பெரும்பாலும் குடற்புழு. தாய்ப்பால் வழியாகவே தொற்றிவிடும், குடற்புழு மருந்து கொடுத்தால் தீரும். நான் பெரிதும் அஞ்சுவது பான்லூக்கோபீனியா என்ற வைரஸ் நோய்க்கு. நாய்க்கு வரும் பார்வோவுக்கு நெருங்கிய உறவு இது. வெள்ளையணுக்களை அழித்து, குடலின் உள்சுவரை உரித்துவிடும். காலையில் விளையாடிய குட்டி மறுநாள் இல்லாமல் போகலாம். மனிதருக்கு இது தொற்றாது. தடுப்பூசி இருக்கிறது. 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் ஆகும்வரை 3, 4 வாரங்களுக்கு ஒருமுறை போட வேண்டும்.

பக்கத்துக் கால்நடை மருந்தகத்தை விசாரியுங்கள், அல்லது 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணை அழையுங்கள். மாட்டுக்குத்தான் வருவார்கள் என்று தயங்க வேண்டாம், கேட்டுப் பாருங்கள். சின்னசேலம் பக்கத்தவர்களுக்குத் தலைவாசல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் எட்டும் தொலைவுதான். வாந்தி எப்போது தொடங்கியது, மலத்தில் ரத்தம் உண்டா, காட்டில் எலிமருந்து வைத்தீர்களா என்பதையெல்லாம் மறைக்காமல் சொல்லுங்கள்.

பான்லூக்கோபீனியாவில் ஒரு குட்டி இறந்தால், அந்த வைரஸ் வீட்டில் ஒரு வருடம்வரை உயிரோடிருக்கும். ஸ்பிரிட்டுக்கும் சாதாரண சோப்புக்கும் அது அசையாது. தரையையும் தட்டையும் முதலில் நன்றாகக் கழுவி, பிறகு ப்ளீச்சிங் கரைசல் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். சாக்கையும் பழந்துணியையும் எரித்துவிடுங்கள். அதன் பிறகும், தடுப்பூசி முழுதாகப் போடாத குட்டியை அந்த வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.